வாரம் ஒரு சதவீதம்

காலையில் உடற்பயிற்சி நடக்கிற வீட்டில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மற்ற வேலையெல்லாம் தானாக நேரத்துக்கு வந்து நின்றுவிடும். எங்கள் வீட்டில் ஆறரைக்கு அக்கா பலகை மேல் ஏறுவாள், ஏழு பத்துக்கு இறங்குவாள். அந்த நாற்பது நிமிடத்துக்குள் நான் முட்டை வேகவைத்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, செய்தித்தாளில் வாசகர் கடிதங்களைப் படித்து, அவற்றில் இருக்கும் பிழைகளைப் பென்சிலால் திருத்தியும் முடித்திருப்பேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா, நேற்று நீங்கள் வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து, "நடந்ததை உங்க கையாலேயே எழுதிக் குடுங்க, அவசரமில்ல" என்றீர்கள். முப்பத்திரண்டு வருடம் கடிதம் எழுதிச் சம்பளம் வாங்கியவளிடம் இப்படிச் சொல்வது, மீனைப் பார்த்துக் கொஞ்சம் நீந்திக் காட்டு என்பது போல. மூன்று தாள் போதும் என்று நினைத்தீர்கள். போதாது. ஒரு பத்திக்கு ஒரு விஷயம் என்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் முட்டியில் தட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இன்னும் நான்கு தாள் வேண்டும்.

நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருந்தேன். தண்ணீர் வரவில்லை என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. என் பதிலாலும் தண்ணீர் வராது. ஆனால் அதைப் படித்தவர்கள் இரண்டாவது கடிதம் போடுவதில்லை என்று மேலதிகாரி எல்லார் முன்னாலும் பாராட்டியிருக்கிறார். அதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. "முடியாது" என்று எழுதக்கூடாது, அவ்வளவுதான். முடியாது என்றால் மனிதனுக்கு ரோஷம் வரும். "பரிசீலனையில் உள்ளது" என்றால் களைப்பு வரும்.

அக்கா மகப்பேறு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அறுபத்திரண்டு வயது. என்னைவிட நான்கு வயது பெரியவள். அவள் கணவர் இறந்தபோது அவர்களுடைய ஒரே பெண்ணுக்கு மூன்று வயது. ஒத்தாசைக்கு என்று ஒரு பெட்டியோடு வந்தேன். பெட்டியைத் திரும்பக் கட்டவே இல்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் கேட்கவில்லை என்பது ஒரு காரணம். கேட்டிருந்தாலும், அக்காவுக்கு இரவுப் பணி இருக்கும் வாரத்தில் குழந்தைக்கு யார் தலை வாரிவிடுவது? இப்படியே இருபத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. நல்ல வருடங்கள். அதை எழுத்தில் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

அந்த உடற்பயிற்சி வீடியோவை வாங்கியது பெண்தான், கல்லூரியில் படிக்கும்போது. பழைய சிடி தட்டு. ஒரு வெளிநாட்டுப் பெண் ஒரு பிளாஸ்டிக் பலகை மேல் ஏறுவாள், இறங்குவாள், சுற்றுவாள், தாண்டுவாள். எல்லாம் தாளத்துக்கு, எட்டு எட்டாக. நாற்பது நிமிடமும் சிரிப்பை மட்டும் இறக்கிவைக்க மாட்டாள். அதனால் அவளுக்குச் சிரிப்புக்காரி என்று பெயர். அவள் பேசும் மொழி அக்காவுக்குப் புரியாது. அதனால் ஒவ்வொரு அடிக்கும் ஆஸ்பத்திரிப் பெயராக வைத்திருந்தாள். பலகையைச் சுற்றி வந்தால் 'ரவுண்ட்ஸ்'. குந்தி எழுந்தால் 'டெலிவரி'. ஒரு பக்கம் ஏறி, மேலேயே திரும்பி, மறுபக்கம் இறங்கினால் 'வார்டு மாத்துறது'. அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பலகையில் அதை ஆடுவார்கள். நான் நாற்காலியில் இருந்து பார்ப்பேன்.

"எந்திரிச்சு வாடி குட்டி, உக்காந்து உக்காந்து நாற்காலிக்கு வேர் விட்டுடப்போகுது" என்பாள் அக்கா.

"நான் ஆடினா கீழ்வீட்டுக்காரர் மேல கூரை விழும்" என்பேன். கீழே ஒரு தையல்காரர் இருக்கிறார். நீங்கள் அவரைப் பார்த்துப் பேசிவிட்டீர்கள்.

பிறகு பெண் வேலைக்காகக் கடல் தாண்டிப் போனாள். அங்கேயே கல்யாணம். போன வருடம் இரட்டைக் குழந்தைகள். பலகை ஒன்றாகக் குறைந்தது. அக்கா மட்டும் விடாமல் ஆடினாள். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. முடித்ததும் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து நாடி பார்த்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய அட்டையில் குறிப்பாள், பிரசவ வார்டில் எழுதுவது மாதிரியே. நூற்றுப் பதினெட்டு, பதினேழு, பதினெட்டு. வருடக்கணக்காக அதே எண்.

ஆறு மாதத்துக்கு முன் பெண் போனில் கூப்பிட்டாள். அக்கா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"அம்மா, நான் திரும்ப வேலைக்குப் போகணும். நீ இங்கேயே வந்துடு. மொத்தமா வந்துடு. பேப்பரெல்லாம் நான் பாத்துக்குறேன்."

"நானா? அப்போ சித்தி?"

"பெத்தவங்களுக்கு மட்டும்தான்மா இங்க அனுமதி தர்றாங்க. சித்தி, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. நான் எவ்வளவோ கேட்டுப் பாத்தேன்."

"இதுல தப்பா எடுக்க என்னம்மா இருக்கு" என்றேன். "சட்டம்னா சட்டம்."

அவள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. அவளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அக்கா மேலும் வருத்தமில்லை. ஆயிரக்கணக்கான குழந்தைகளை முதலில் கையில் வாங்கியவள், சொந்தப் பேரக்குழந்தைகளைப் போனில் மட்டும் பார்த்திருக்கிறாள். யாராக இருந்தாலும் போகத்தான் ஆசைப்படுவார்கள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுப்பை நேராகச் சொல்லவும் கூடாது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

அந்தத் தட்டு தேய்ந்து அங்கங்கே நின்றதால் வீடியோவை நான் லேப்டாப்பில் ஏற்றிவைத்திருந்தேன். தினமும் ஓடவிடுவதும் நான்தான். மெஷின் என்றால் அக்கா தள்ளி நிற்பாள். எனக்கு அலுவலகத்தில், தண்ணீரை வீணாக்காதீர் என்று மூன்று நிமிடப் படம் செய்தபோது வெட்டி ஒட்டப் பழக்கம். குரல் கீச்சென்று ஆகாமல் வேகத்தை மட்டும் கூட்டுகிற வசதி அதில் உண்டு. முதல் வாரம் ஒரு சதவீதம் கூட்டினேன். அடுத்த வாரம் இன்னொன்று.

கடிகாரம் ஒரு சிக்கல். வேகம் கூடினால் வீடியோ சீக்கிரம் முடிந்துவிடும், அக்கா கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே முதலில் உடம்பைச் சூடாக்கும் ஆறு நிமிடத்தையும், கடைசியில் தணிக்கும் ஆறு நிமிடத்தையும் அதே அளவுக்கு மெதுவாக்கினேன். நடுவில் மிச்சமானதை இரண்டு ஓரத்திலும் கட்டிவிட்டேன். மொத்தம் எப்போதும் நாற்பது நிமிடம். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

"சிரிப்புக்காரிக்கும் வயசாகுது போலடி" என்றாள் அக்கா ஒரு நாள், கைகளை மேலே தூக்கியபடி. "ஒரு கையைத் தூக்க எவ்வளவு நேரம் எடுத்துக்குறா பாரு. தண்ணிக்குள்ள நிக்குற மாதிரி."

ஐந்தாவது வாரம் நாடி நூற்று முப்பதைத் தாண்டியது. அக்கா அட்டை முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றாள். வேறு யாராவது அவளிடம் வந்து உனக்கு உடம்பு தளர்ந்துவிட்டது என்று சொல்லியிருந்தால், போடா வேலையைப் பார்த்துக்கொண்டு என்றிருப்பாள். ஆனால் முப்பத்தைந்து வருடம் அட்டையைப் பார்த்து வைத்தியம் செய்தவள். அட்டையில் வந்துவிட்டால் அவளுக்கு அது வேதவாக்கு.

"குட்டி, அதே வீடியோ. அதே பலகை. நூத்து முப்பத்துமூணு. எண் பொய் சொல்லாதுடி."

"வயசாகுதுல்ல அக்கா."

"வயசு வருஷத்துக்கு ஒண்ணுதானே ஆகும்? எனக்கு மட்டும் என்ன, வாரத்துக்கு ஒண்ணு ஆகுதா?"

அக்கா புத்திசாலி, அம்மா. உண்மைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து நின்றவர் வேறு யாருமில்லை, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த வாரம் பெண் கூப்பிட்டபோது, "கொஞ்சம் உடம்பு தேறட்டும்டி. அங்க வந்து படுத்துட்டேன்னா உனக்கு மூணு குழந்தை ஆயிடும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெந்நீரில் அவள் காலை வைத்துப் பிடித்துவிட்டேன். அந்த இரண்டு மூன்று வாரங்கள் எங்களுக்குள் நல்ல ஒட்டுதல். படியேறும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, "நீ இல்லேன்னா நான் என்னடி பண்ணுவேன்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக இருபத்தொன்பது வருடம் காத்திருந்தேன் என்றால் மிகை. ஆனாலும் தேதி ஞாபகம் இருக்கிறது.

பிறகு நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. பயிற்சி செய்தால் உடம்பு பலப்படும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்தவளுக்கு அது எப்படித் தெரியும்? எட்டாவது வாரம் நாடி நூற்று இருபத்தேழு. பத்தாவது வாரம் இருபது. நான் ஒன்று கூட்டினால் அக்கா அதையும் பிடித்துக்கொள்வாள். நானும் விடவில்லை, அவளும் விடவில்லை. இருவருக்கும் பந்தயம், ஒருத்திக்குத்தான் பந்தயம் நடப்பது தெரியும். பன்னிரண்டாவது வாரம் பன்னிரண்டு சதவீதம். நடுப்பகுதி இருபத்தெட்டு நிமிடம் இருபத்தைந்தாகச் சுருங்கிவிட்டது. அதற்கு மேல் கூட்டினால் சிரிப்புக்காரி வெறி பிடித்தவள் மாதிரி தெரிந்தாள். அங்கேயே நிறுத்திவிட்டேன். அக்கா பாட்டோடு சேர்ந்து சீட்டியடித்துக்கொண்டு வார்டு மாற்றிக்கொண்டிருந்தாள். அட்டையில் நூற்றுப் பதினொன்று.

அனுமதிக்கு மருத்துவச் சான்று வேண்டும். இதய டாக்டர் அவளை ஓடுகிற பட்டையில் ஏற்றி, வேகத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். (அவர் நேர்மையாகச் சொல்லிவிட்டுக் கூட்டினார்.) இறக்கிவிட்டு ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நாப்பது வயசு இதயம்மா உங்களுக்கு. யாரு உங்களுக்குப் பயிற்சி குடுக்குறது?"

"இதோ இவதான் டாக்டர்" என்று என் முதுகில் தட்டினாள் அக்கா. "என் தங்கச்சி. தினம் வீடியோ போட்டுவிட்டு என்னை ஆட்டிவைக்கிறதே இவதான்."

"நல்லா பாத்துக்குறீங்க" என்று டாக்டர் எனக்குக் கை கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். மறுத்தால் மரியாதையாக இருக்காது.

வியாழக்கிழமைக்கு விமானச் சீட்டு வந்தது. அக்கா இரண்டு பெட்டியை விரித்து வைத்து, வீடு முழுக்கச் சின்னக் காலுறைகளாக இறைத்தாள். எனக்காகவும் ஓடினாள். குழாய் ரிப்பேர்காரர், மின்சாரக்காரர், பக்கத்துவீட்டம்மா என்று எல்லோருடைய எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி நாடி அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். தையல்காரரிடம் போய், "ஏழு மணிக்கு மேல மாடியில நடமாட்டம் கேக்கலேன்னா ஒரு தடவை கதவைத் தட்டிப் பாருங்க" என்று சொல்லிவைத்தாள்.

"இனிமே நீ நிம்மதியா தூங்கலாம்டி. ஆறரைக்குத் தடதடன்னு குதிக்க ஆள் இல்ல" என்றாள்.

"ஆமாக்கா, விடிஞ்சது எனக்கு" என்றேன்.

திங்கட்கிழமை மதியம் அக்கா கடைக்குப் போயிருந்தாள். கூடத்துத் தரைக்கு மெழுகு போட்டுத் துடைத்தேன். மாதம் ஒரு தடவை போடுவதுதான். பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். அடியில் வழுக்காமல் இருக்க ஆறு ரப்பர் பொட்டு இருக்கும். ஒரு பக்கத்து மூன்றை ஸ்பூன் காம்பால் நெம்பி எடுத்து ஊசிப் பெட்டியில் போட்டேன். அவற்றை உங்கள் காவலர் எடுத்துவிட்டார். பதட்டத்தில் செய்யவில்லை. நான் யோசித்தது கணுக்கால், அவ்வளவுதான். கணுக்கால் என்றால் ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்குள் சீட்டு போய்விடும், சான்றும் காலாவதியாகும், மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம். பெண்ணும் அங்கே யாராவது ஆயாவை வைத்துக்கொள்வாள். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு என்றுதான் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு வீடியோவைப் போட்டேன். அக்கா ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"குட்டி, இன்னும் ரெண்டு நாள்தான். இன்னிக்காவது வந்து ஆடேன்."

"பலகை ஒண்ணுதானே இருக்கு."

"நீ மேல ஏறு. நான் தரையில ஆடிக்கிறேன். எனக்கு என்ன, நாப்பது வயசு இதயம்." கையை நீட்டினாள். "வாடி. ஒரே ஒரு நாள்."

முட்டி வலிக்கிறது என்றேன். அது பொய்யில்லை, குளிர் நாளில் வலிக்கும். அக்கா என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, "சரி, நீ நாற்காலிக்கே வாக்கப்பட்டவ" என்று சொல்லி ஏறினாள். அவளாகத்தான் ஏறினாள்.

இருபத்தொன்பதாவது நிமிடம், வார்டு மாற்றும் இடத்தில், பலகை நழுவியது. கணுக்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தலை சாப்பாட்டு மேசையின் விளிம்பில் பட்டது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாடியில் சத்தம் நின்றது ஆறு ஐம்பத்தொன்பதுக்கு என்று தையல்காரர் சொல்லியிருக்கிறார். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம், ஓய்வெடுக்கிறார்கள் என்று நினைத்தாராம். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது ஏழு பதினொன்றுக்கு. நடுவில் பன்னிரண்டு நிமிடம். பயத்தில் உறைந்துபோனேன் என்று முதலில் சொன்னேன். அதை நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

அக்காவுக்கு நினைவு இருந்தது. தலைமை நர்ஸ் அல்லவா, படுத்தபடியே தெளிவாக உத்தரவு போட்டாள். "குட்டி, தலையை அசைக்காதே. துண்டு எடுத்து அழுத்து. போன் பண்ணு." துண்டு எடுத்து அழுத்தினேன். கையைப் பிடித்துக்கொண்டேன். "போன்" என்றாள் மறுபடியும். "பண்றேன்க்கா" என்றேன்.

பண்ணவில்லை. பண்ணினால் வருவார்கள். நல்ல ஆஸ்பத்திரி, எட்டு நிமிட தூரம், அங்கே பாதிப் பேர் அக்காவிடம் வேலை பழகியவர்கள். இரண்டு தையல், இரண்டு நாள் படுக்கை. அந்த இதயத்துக்கு ஒன்றும் ஆகாது, அந்த இதயத்தைத் தயார் செய்தவளே நான்தான். இந்த வியாழன் இல்லாவிட்டால் அடுத்த வியாழன். என்னிடம் ஒரு வாரம் மிச்சமாகும், அவ்வளவுதான். இதை அந்த நேரத்திலேயே, இப்போது எழுதுகிற அளவுக்குத் தெளிவாக யோசித்தேன். யோசித்து முடித்தும் உட்கார்ந்திருந்தேன். சிரிப்புக்காரி கைகளை மெல்ல மெல்ல மேலே தூக்கி, மெல்ல மெல்ல இறக்கினாள். நான் மெதுவாக்கி வைத்த பகுதி. அக்கா மூச்சு அதைவிட மெதுவாக ஆனது. அவள் கையில் நாடியை நானே பார்த்தேன், அவள் பார்க்கிற மாதிரி இரண்டு விரல் வைத்து. எண்ணிக்கை எனக்குப் பிடிபடவில்லை. வீடியோ முடிந்தது. எழுந்து போய்க் கூப்பிட்டேன். வந்தவர், "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி சொல்லியிருக்கக்கூடாதாம்மா" என்றார்.

அக்கா கிளம்பியிருக்க வேண்டிய வியாழக்கிழமை பெண் வந்து இறங்கினாள். குழந்தைகளைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு, யாரும் சொல்லாமல், அம்மாவின் ஷூவைப் போட்டுக்கொண்டு தரையில் நின்று, வீடியோவைப் போடச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கவில்லை. பத்தாவது நிமிடம் அடி தவறியது. மறுபடி பிடித்தாள், மறுபடி தவறியது. நின்றுவிட்டாள்.

"சித்தி, இது இப்படி ஓடாதே."

"ரொம்ப வருஷமாச்சேம்மா, உனக்கு மறந்திருக்கும்."

"கால் மறக்காது சித்தி." பையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உங்களிடம் வந்தாள். வளர்த்த பெண், நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன்.

நீங்கள் நேற்று, "அவங்க சாகணும்னு நினைச்சீங்களா?" என்று கேட்டீர்கள். இல்லை. ஒரு நாளும் இல்லை. போகக்கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். மற்றபடி வேகத்தைக் கூட்டியது நான், ரப்பரை எடுத்தது நான், போன் செய்யாமல் உட்கார்ந்திருந்ததும் நான். பலகையில் என்னை ஏறச் சொல்லி அவள் கை நீட்டியபோது அடியில் என்ன இல்லை என்று தெரிந்தும் பேசாமல் இருந்தது நான். எழுதியது உண்மை என்று ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு கோரிக்கை. அக்காவின் உடலைத் தன்னோடு கொண்டுபோய் அங்கேயே, குழந்தைகளுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப் பெண் உங்களிடம் அனுமதி கேட்டிருப்பதாக அறிகிறேன். அந்த விண்ணப்பத்தை நீங்கள் மறுக்க வேண்டாம், பரிசீலனையில் வைத்தாலே போதும். எனக்காகக் கேட்கவில்லை. அக்காவுக்கு நான் இல்லாமல் தனியாக இருந்து பழக்கமில்லை.